சிவப்புப் பந்தும் சின்ன ஆடுகளமும்

ஆறடி உயரமுள்ள ஒருவரை டென்னிஸ் ஆட அழைத்துப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆடுகளத்தின் நீளம் 117 அடி. வலையின் நடுப்பகுதி நாலரை அடி, அவர் நெஞ்சு வரைக்கும் வருகிறது. கையில் கொடுத்த ராக்கெட் நாற்பதரை அங்குலம். எதிரே இருப்பவர் அடிக்கும் பந்து தரையில் பட்டு எழும்பினால் தலைக்கு மேலே போகிறது. அரை மணி நேரத்தில் மனிதர் 'ஆளை விடுங்க சாமி' என்று கும்பிடு போட்டுவிடுவார். நாலடி உயரமுள்ள ஏழு வயதுப் பிள்ளையை 78 அடி ஆடுகளத்தில், மூன்றடி வலைக்கு முன்னால், 27 அங்குல ராக்கெட்டோடு நிறுத்தும்போது அந்தப் பிள்ளைக்கும் இதே கதிதான். எல்லாமே அதற்கு ஒன்றரை மடங்கு பெரிது.

இதில் பெரிய தொல்லை பந்துதான். சாதாரண மஞ்சள் பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கீழே விட்டால், அது 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும் என்பது சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதி. ஏழு வயதுப் பிள்ளையின் உயரமோ சுமார் 120 சென்டிமீட்டர். வளர்ந்தவருக்கு இடுப்பு உயரத்தில் வாகாக வரும் பந்து பிள்ளைக்குத் தோளுக்கும் தலைக்கும் நடுவே வருகிறது. அதைச் சமாளிக்கப் பிள்ளை ஒன்று, வேலியை ஒட்டிப் பின்னால் போய் நின்று, பந்து தாழ்ந்து வரும்வரை காத்திருக்கும். அல்லது ராக்கெட்டின் பிடியில் கையை அடிப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு, தோளுக்கு மேலே விசிறும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் அப்பாவின் சைக்கிளில் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுத்தானே ஓட்டக் கற்றார்கள், யாரும் கெட்டுப் போகவில்லையே என்று கேட்கலாம். கால் எட்டிய அன்றைக்குக் குரங்குப் பெடல் தானாகப் போய்விடும். டென்னிஸில் அப்படிப் போவதில்லை. கை ஒருமுறை பழகிய பிடியை, பன்னிரண்டு வயதில் உயரம் வந்த பிறகு மாற்றுவதற்குள் பிள்ளைக்கும் கோச்சுக்கும் உயிர் போய்விடும்.

ஆகவே பிள்ளையை இழுத்து நீட்ட முடியாது, ஆட்டத்தைச் சுருக்குவோம் என்று வந்ததுதான் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்ற மூன்று படி. முதல் படியான சிவப்புப் பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாதி சிவப்பு, பாதி மஞ்சள் கம்பளி போர்த்தியிருக்கும். மஞ்சள் பந்தைவிடச் சற்றுப் பருமன், ஆனால் எடை குறைவு; அமுக்கினால் எளிதில் உள்வாங்கும். மஞ்சள் பந்தின் ரப்பர் கூட்டுக்குள் காற்றை அழுத்தி அடைத்திருப்பார்கள். தரையில் மோதி நசுங்கும் பந்தை மறுபடி உதறி எழுப்பத் துணை நிற்பது அந்த அழுத்தம்தான். சிவப்புப் பந்தில் அது இல்லை. அதே 254 சென்டிமீட்டரிலிருந்து விட்டால் 90 முதல் 105 சென்டிமீட்டர் வரைதான் எழும்பும். ஏழு வயதுப் பிள்ளையின் தலையைத் தாண்டாது. காற்றிலும் அதற்கு வேகம் சீக்கிரம் அடங்கும்: மஞ்சள் பந்தின் எடை 56 முதல் 59 கிராம், சிவப்புப் பந்து 49 கிராமைத் தாண்டக் கூடாது. கனம் குறைந்து பருமன் கூடினால் காற்றின் தடை நன்றாகவே பிடித்திழுக்கும். சாதாரணப் பந்தைவிட இது 75 விழுக்காடு மெதுவானது என்கிறது கூட்டமைப்பு. ஆரஞ்சுப் பந்து 50 விழுக்காடு, பச்சைப் புள்ளி வைத்த பந்து 25 விழுக்காடு மெதுவானவை.

தேய்ந்துபோன பழைய மஞ்சள் பந்துகளைப் பிள்ளைகளிடம் தள்ளிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. காற்று இறங்கியதால் எழும்பாது என்பது உண்மைதான். ஆனால் எடை கிட்டத்தட்ட அதேதான். கம்பளி தேய்ந்ததால் காற்றில் தடை குறைந்து இன்னும் விரைவாகவே வரும். சிக்கனம் சரி, பயிற்சிக்கு ஆகாது.

ஆடுகளத்தின் கணக்கு அழகானது. சிவப்புப் படியில் அதன் நீளம் 36 அடி. இரட்டையர் ஆட்டத்துக்கான பெரிய ஆடுகளத்தின் அகலமும் 36 அடி. ஆகவே சின்ன ஆடுகளத்தைக் குறுக்காகப் போட்டுவிடலாம். இரண்டு பேர் ஆடும் இடத்தில் நான்கு சின்ன ஆடுகளங்கள், எட்டுப் பிள்ளைகள். வலை 80 சென்டிமீட்டர்தான். ஆரஞ்சுப் படியில் 60 அடி. பச்சைக்கு வந்தால் முழு ஆடுகளம், முழு வலை. ராக்கெட்டும் 19, 21, 23 அங்குலம் என்று பிள்ளையோடு வளரும். பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, ராக்கெட்டைப் பிடித்த கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். நுனி தரையில் இடித்தால் அது பெரிய ராக்கெட். 'அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்' என்று பள்ளிச் சீருடை எடுப்பதுபோல் எடுக்கும் பொருளில்லை இது.

சுருக்கி ஆடும் யோசனை புதிதல்ல. ஸ்டெஃபி கிராஃபுக்கு மூன்று, நான்கு வயதிருக்கும்போது அவருடைய அப்பா ராக்கெட்டின் பிடியை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுத்து, வீட்டு வரவேற்பறையில் ஆட வைத்தார். 1980களில் பிரிட்டனில் ஸ்பாஞ்சுப் பந்தோடு 'ஷார்ட் டென்னிஸ்' பரவியது. 2007இல் சர்வதேசக் கூட்டமைப்பு இதை ஓர் இயக்கமாகவே தொடங்கியது. முதல் வகுப்பிலேயே பிள்ளை சர்வீஸ் போட வேண்டும், பந்தை மாறி மாறி அடிக்க வேண்டும், புள்ளி எண்ண வேண்டும் என்பதே அதன் முழக்கம். 2012இல் அது விதியாயிற்று: 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்துக்கு இடமில்லை.

ஆய்வும் இதன் பக்கம்தான். ஆஸ்திரேலியாவின் டேமியன் ஃபாரோ, மேக்கர் ரீட் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வயதுப் புதியவர்களைப் பிரித்துச் சில வாரங்கள் பழக்கினார்கள். பெரிய ஆடுகளமும் சாதாரணப் பந்தும் கிடைத்த பிள்ளைகளுக்குப் பந்தை அடிக்கும் வாய்ப்பே குறைவாக இருந்தது, கற்றதும் குறைவு. 2014இல் டிம் பஸார்டும் கூட்டாளிகளும் வெளியிட்டது இன்னும் சுவாரசியமானது. பந்தடித்துக்கொண்டே எண்களையும் எண்ணச் சொன்னார்கள். பெரிய ராக்கெட் பிடித்த, அவ்வளவாகத் தேறாத பிள்ளைகளுக்கு அடி தடுமாறியது. சின்ன ராக்கெட்டும் மெதுவான பந்தும் இருந்தபோது அதே பிள்ளைகள் தடுமாறவில்லை. அளவு பொருந்தினால், யோசித்து யோசித்து அடிக்காமல் கை தானாகக் கற்றுக்கொள்கிறது.

'அந்தக் கால வீரர்கள் எல்லாம் பெரிய பந்தில் ஆடித்தானே சாம்பியன் ஆனார்கள்?' என்று கிளப்புகளில் பெரியவர்கள் கேட்பார்கள். ஆனவர்களைத்தான் நமக்குத் தெரியும். பத்து நாள் பந்து பொறுக்கிவிட்டு, 'எனக்கு இது வராது' என்று வீட்டுக்குப் போன பிள்ளைகளின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இன்னொரு தரப்பு பெற்றோருடையது: பக்கத்து வீட்டுப் பையன் மஞ்சள் பந்துக்குப் போய்விட்டான், நம் பெண் இன்னும் சிவப்பிலேயே இருக்கிறாளே! சிவப்புப் பந்தில் பத்துமுறை தொடர்ந்து அடிக்கத் தெரியாத பெண்ணுக்கு மஞ்சள் பந்து பதவி உயர்வு அல்ல, தண்டனை.

இதற்குக் கிளப் வேண்டும் என்பதுகூட இல்லை. பாட்மின்டன் ஆடுகளம் 44 அடி நீளம், 20 அடி அகலம். சிவப்புப் படிக்குத் தாராளம். வலையை இறக்க முடியாவிட்டால் 80 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள், போதும். பிள்ளையைப் பயிற்சிக்குச் சேர்ப்பதாக இருந்தால், கோச் எத்தனை கோப்பை வாங்கியவர் என்று விசாரிப்பதற்கு முன்பு ஒரு மாலை போய்க் கூடையில் கிடக்கும் பந்துகளைப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அதில் இருப்பதெல்லாம் புள்ளிகூட இல்லாத மஞ்சள் பந்து என்றால், வேறு இடம் தேடுங்கள்.