வாசற்படி தாண்டிய மருந்து

1986-ஆம் ஆண்டு. எய்ட்ஸ் என்பது அயல்நாட்டார் நோய் என்று நம்மவர் எண்ணியிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, தம் பேராசிரியை மருத்துவர் சுனிதி சாலமனின் சொற்படி குருதி மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவை சோதிக்கப்பட்டபோது ஆறு பேருக்கு எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிய வந்தது. இந்தியாவில் அக்கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது இவ்வாறே. அரசுக் கல்லூரியும் அறப்பணி நிறுவனமும் தொடக்கத்திலேயே கைகோத்து நின்றதை நாம் நினைவில் இருத்தல் நன்று.

1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவாயிற்று. அரசின் துறையாக அன்றிப் பதிவு பெற்ற சங்கமாக இத்தகைய அமைப்பு ஏற்பட்டது நாட்டிலேயே இதுதான் முதல்முறை. கோப்புகளில் பணம் தேங்காமல் தொண்டு நிறுவனங்களை விரைந்து சென்றடைய இம்முறை வழி செய்தது. அதன் தேவை வெளிப்படை. நெடுஞ்சாலை ஓரத்தில் இரவு வேளையில் லாரி ஓட்டுநரோடு அமர்ந்து பேச அலுவலரால் இயலுமோ? அவரோடு பழகிய ஒருவர் பேசினால்தான் அவர் செவிகொடுப்பார். அத்தகையோரைத் தேடிப் பயிற்றுவிக்கும் பொறுப்பைத் தொண்டு நிறுவனங்கள் ஏற்றன.

2004 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்பட்டது. தாம்பரம் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. அதுவரை மரணத்தை மட்டுமே எதிர்நோக்கியிருந்தோர் மீண்டும் வேலைக்குச் செல்லலாயினர்.

எனினும் நம் உள்ளத்தை மிகவும் தொடுவது தாய்மாரின் நிலையே. மருத்துவம் பெறாத தாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரை. உரிய மருந்தை உட்கொண்டால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அரசு மருத்துவமனைகளின் 'நம்பிக்கை மையம்' இதற்கான சோதனையை இலவசமாகச் செய்கிறது. ஆனால் முடிவை அறிந்த பெண் வீடு திரும்பி, கணவனிடம் எவ்வாறு சொல்வாள்? மாமியார் கேட்டால் மாத்திரைக்கு என்ன காரணம் கூறுவாள்? மறுமாதம் அவள் மையத்திற்கு வராமற்போனால் மருந்து அலமாரியிலேயே கிடக்கும். அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே சென்று அமர்ந்தவர்கள் தொண்டர்களும் அருள்சகோதரிகளும், தாமே கிருமியோடு வாழும் பெண்களும் ஆவர். அவர்களது உழைப்பை எந்தப் பதிவேட்டிலும் முழுமையாகக் காண இயலாது. தலைக்கணக்கு எழுதும் அரசுப் படிவத்தில் அதற்கு இடமில்லை என்பது நம் மனக்குறை.

ஒன்றை மறைக்க வேண்டுவதில்லை. ஆணுறை பற்றி அரசுக்கும் திருச்சபைக்கும் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் நோயாளியின் கட்டிலருகே அது குறுக்கே நிற்கவில்லை. 2005-இல் இந்திய ஆயர் பேரவை இந்நோய் குறித்துத் தனிக் கொள்கை வெளியிட்டு, பரிவையும் பராமரிப்பையும் தன் கடமையாக ஏற்றது.

பலன் கிடைக்காமல் இல்லை. 2001-இல் தமிழகக் கருவுற்ற தாய்மாருள் நூற்றுக்கு ஒருவருக்கும் மேல் காணப்பட்ட இக்கிருமி, பின்னர் அரை விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. இன்று பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை. ஒழுங்காக உட்கொண்டு, சோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் வழியே துணைவருக்கு அது தொற்றுவதில்லை.

2018 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, கிருமி உள்ளவர் என்பதற்காகப் பாகுபாடு காட்டி ஒருவருக்கு வேலையையோ பள்ளியையோ மருத்துவத்தையோ மறுத்தல் கூடாது. ஐயமுள்ளோர் 1097 என்னும் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

இவ்வளவிருந்தும், அருகிலுள்ள மையத்தை விட்டுத் தொலைவூர் மையத்திற்குப் பேருந்து ஏறுவோர் இன்றும் உளர். வரிசையில் சொந்த ஊரார் எவரேனும் கண்டுவிடுவரோ என்ற அச்சமே காரணம். அந்த ஊரார் வேறு யாருமல்லர்; நாம்தாம்.