காலடியில் பல்டி அடிக்கும் பலகை!

விழுந்து விழுந்து கற்கும் வித்தை

அலையில் ஆடும் வள்ளத்தில் கையை விட்டு நிற்க வேம்பார்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அது பிறவியிலேயே காலில் ஏறிய பாடம்.

இந்தக் கடலில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, ஒரே மூச்சில் அடிக்கு இறங்கினார்கள். பாதி மனதோடு இறங்கினால் முத்தும் கிடைக்காது, உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்று போய்விட்டது.

அதே துணிச்சலைக் கேட்கிற விளையாட்டு ஒன்று தரையிலும் இருக்கிறது. அதுதான் ஸ்கேட்போர்டு. ஏழு அடுக்கு மரத்தில் ஒரு பலகை. அடியில் நாலு சக்கரம். மேலே உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான ஒரு தாள். அவ்வளவுதான் சாமான்!

கில்லி மாதிரிதான்!

இதில் உருண்டு போவது பெரிய காரியம் இல்லை. தட்டைத் தரையில் நின்றபடி பலகையைக் காலாலேயே சுழற்றும் 'பிரீஸ்டைல்' வித்தைதான் பெரிது. அதில் பேர் பெற்றது 'கிக்பிளிப்'.

எப்படி என்கிறீர்களா? கிட்டிப்புள் ஆடியவர்களுக்குச் சட்டென்று புரியும். புள்ளின் நுனியில் அடித்தால் அது எழும்புகிறது அல்லவா? அதேபோல் பலகையின் வால் பக்கத்தைப் பின்காலால் ஓங்கி மிதித்தால் முன்பக்கம் எழும்பும். அந்த நொடியில் குதிக்க வேண்டும். குதித்தபடியே முன்காலை மேலே இழுத்து, குதிகால் பக்க விளிம்பைக் கோலி சுண்டுவதுபோல் சுண்ட வேண்டும். பலகை அந்தரத்தில் ஒரு முழுப் பல்டி அடிக்கும். அது திரும்பி நேரானதும் இரண்டு காலாலும் பிடித்து இறங்க வேண்டும்.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. பெயர் 'கிக்பிளிப் அண்டர்பிளிப்'. ஒரு பல்டி முடிந்து வரும் பலகையை, தரைக்கு விடாமல் பாதத்தின் மேல்புறத்தால் அடியில் தட்டி, எதிர்ப்பக்கமாக இன்னொரு பல்டி அடிக்க வைப்பது! கண்ணை இமைத்தால் போச்சு. என்ன நடந்தது என்றே தெரியாது.

அப்பா போட்ட நிபந்தனை

இந்த வித்தைகளின் தந்தை அமெரிக்காவின் ரோட்னி முல்லன். 1977 ஜனவரி 1-ந் தேதி, பத்து வயதில் பலகை மேல் ஏறினார். “பலத்த அடி பட்டால் அன்றோடு விளையாட்டை நிறுத்திவிட வேண்டும்” என்பது அப்பா போட்ட நிபந்தனை. பையன் ஒப்புக்கொண்டான். புளோரிடா பண்ணை வீட்டில், கிடைத்த சிமென்ட் தரையில் தன்னந்தனியாகப் பழகினான். 1983-ல் இன்றைய கிக்பிளிப்பைக் கண்டுபிடித்தார். அண்டர்பிளிப்பும் அவர் கைவரிசைதான். இல்லை, கால்வரிசை!

நம்ம ஊர்ப் பெண்

“இதெல்லாம் வெள்ளைக்காரன் ஆட்டம். நமக்கு ஆகிற காரியமா?” என்று கேட்காதீர்கள்.

வேம்பார் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வடக்கே போனால் மாமல்லபுரம் வரும். அங்கே மீனவர் குடும்பத்தில் பிறந்த சிறுமி கமலி. பத்து வயது நிறையும் முன்பே, கவுன் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு சரிவில் பலகை ஓட்டினாள். அந்தப் படத்தை உலகப் புகழ் பெற்ற வீரர் டோனி ஹாக் வெளியிட, ஊர் உலகம் எல்லாம் பரவியது.

தாய் சுகந்தி தனியாளாக நின்று பிள்ளைகளை வளர்த்தவர். “பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு?” என்று கேட்டவர்களுக்குக் காது கொடுக்காமல், மகளைப் பலகை மேல் ஏற்றினார். இந்தத் தாய், மகள் கதையை 'கமலி' என்ற குறும்படமாக எடுத்தார் சாஷா ரெயின்போ. 2020-ல் இங்கிலாந்தின் பாப்டா விருதுப் போட்டி வரை போனது அந்தப் படம். பரிசைத் தட்டிச் சென்ற படமும், ஆப்கானிஸ்தானில் ஸ்கேட்போர்டு கற்கும் சிறுமிகளைப் பற்றியதுதான்!

அதற்கு அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் முறையாக இந்த விளையாட்டு இடம் பெற்றது. பெண்கள் 'ஸ்ட்ரீட்' பிரிவில் தங்கம் வாங்கிய ஜப்பான் சிறுமி மோமிஜி நிஷியாவுக்கு வயது 13.

ஒரு கால் தரையைத் தேடும்

புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் தவறு என்ன தெரியுமா? பலகை சரியாகவே சுழலும். ஆனால் இறங்கும்போது ஒரு கால் பலகையில், மறு கால் தரையில்! கால் தெரியாமல் வருகிற தவறு இல்லை இது. பயத்தில் வருவது. மனதில் பயம் இருக்கிற வரைக்கும் ஒரு கால் தரையைத் தேடிக்கொண்டேதான் இருக்கும். 'விழுந்தால் விழட்டும்' என்று இரண்டு காலையும் வைக்கிற அன்றுதான் வித்தை கைகூடும்.

அதற்கு முன் நூறு தடவை தவறும். பலகை விளிம்பு முன்னங்கால் எலும்பில் 'ணங்'கென்று இடிக்கும். அதனால் தலைக்கவசம் கட்டாயம். முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக்கும் உறை போட வேண்டும். முதலில் சக்கரம் உருளாதபடி புல்தரையில் வைத்துப் பழகினால் பாதி பயம் போகும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்குச் சக்கரத்து பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆடி முடித்ததும் துடைத்து, உள்ளே எடுத்து வைப்பது நல்லது.

நடுரோட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம். நாலு முழம் வழவழப்பான சிமென்ட் தரை போதும்.

தரையாவது எப்படியும் கிடைத்துவிடும். பிள்ளை விழும்போது, “போதும், வீட்டுக்கு வா” என்று கூப்பிடாமல், “எழுந்திரு, இன்னொரு தடவை பாரு” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். மாமல்லபுரத்துப் பிள்ளைக்கு அப்படி ஒரு அம்மா இருந்தார்.

மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு?