முள்ளைப் பார்த்தா ஆளைச் சொல்லிடலாம்!

வயலுக்கு நடுவுல வட்டம் வட்டமா நெல் காய்ஞ்சு, தீ வெச்ச மாதிரி கிடக்குதா? ஊர்ப் பெருசுங்க ஒரே வார்த்தையில சொல்லிடுவாங்க: 'புகையான்'. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து கரிசல் காட்டில் நெல் என்பது கண்மாய் பெருகினால்தான். கிடைக்கிற அந்த ஒரு போகமும் புகையானுக்குப் போனா, வீட்டு நிலைமையை நீங்களே யோசிச்சுப் பாருங்க. அதனால இந்தப் பூச்சியைத் தெரிஞ்சுக்கறது ஜுவாலஜி ஸ்டூடண்ட்ஸுக்கு மட்டுமான வேலை இல்லை.

புகையானின் அறிவியல் பெயர் நிலபர்வதா லூகென்ஸ். ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்டால், 1854-ல் இதை உலகுக்கு அறிமுகம் செய்தார். குடும்பப் பெயர் டெல்ஃபாசிடே. இதில் 2,000-க்கும் அதிகமான இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை புல் வகைப் பயிர்களின் சாற்றைக் குடித்து வாழ்பவை. சோளம், மக்காச்சோளக் குருத்துக்குள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் பெரிகிரைனஸ் மெய்டிஸும் இந்த வீட்டுப் பிள்ளைதான். ஆனா, பருத்தியில வர்ற பச்சைத் தத்துப்பூச்சி? அது வேற வீடு! சிகாடெல்லிடே குடும்பம்.

ரெண்டும் தத்தும், ரெண்டும் சாறு குடிக்கும். எப்படிப் பிரிக்கிறது? பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று போதும்.

ஒன்று, மீசை. பருத்தித் தத்துப்பூச்சிக்கு இரண்டு கண்களுக்கும் நடுவில் இருக்கும். புகையான் வகைக்குக் கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் முளைத்திருக்கும்.

இரண்டு, பின்னங்கால். தத்துப்பூச்சிக்குச் சீப்புப் பல் மாதிரி வரிசையாக முட்கள். புகையான் வகைக்கு அங்கங்கே ஒன்றிரண்டுதான்.

மூன்றாவதுதான் ஹைலைட்! பின்னங்காலின் நீண்ட பகுதி முடிகிற இடத்தில் அசையக்கூடிய பெரிய முள் ஒன்று, சேவல் காலில் இருப்பது போல இருக்கும். அது இருந்தால் சந்தேகமே வேண்டாம், டெல்ஃபாசிடே.

அப்புறம் இனம். முதுகில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் வெண்முதுகு தத்துப்பூச்சியாக இருக்கலாம். அடித்துச் சொல்ல வேண்டுமானால் ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை மைக்ராஸ்கோப்பில்தான் பார்க்கணும். ஒரு உஷார் குறிப்பு: புகையானிலேயே நீள இறக்கை, குட்டை இறக்கை என இரண்டு வகை உண்டு. ரெண்டும் ஒரே ஆள்தான்! நீள இறக்கைக்காரன் ஊர் விட்டு ஊர் பறப்பான். குட்டை இறக்கைக்காரி அங்கேயே தங்கி முட்டையாகக் குவிப்பாள்.

விஞ்ஞானிகளே இதில் நிறைய மாற்றி யோசித்திருக்கிறார்கள். 1906-ல் டிஸ்டன்ட் எழுதிய இந்தியப் பூச்சிகள் நூலில் இவை எல்லாமே ஃபல்கோரிடே என்ற ஒரே பெரிய குடும்பம். இன்று அது சுமார் 20 குடும்பங்களாகப் பிரிந்து கிடக்கிறது.

'சரி, பேரு என்னவா இருந்தா என்ன, மருந்தடிச்சாப் போச்சு' என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். சிந்தெடிக் பைரித்ராய்டு மருந்துகளைத் தெளித்தால், புகையானைத் தின்னும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் முதலில் சாகும். புகையான் முன்னைவிடப் பெருகும். இதனால் அடி வாங்கிய இந்தோனேசியா, 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. நம்ம ஊர் வேளாண் பரிந்துரையும் எண்ணிப் பார்க்கத்தான் சொல்கிறது: தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால், சிம்புக்கு இரண்டு புகையான் வரும்வரை மருந்து வேண்டாம். சிலந்தியே இல்லை என்றால், சிம்புக்கு ஒன்று வந்ததும் உஷாராகணும்.

எனவே லீவுக்கு ஊருக்குப் போனா, வரப்பில் நின்று இலையை மட்டும் பார்க்காதீங்க. வயலில் இறங்கி, தூரை விலக்கி, தண்ணீருக்குச் சற்று மேலே பாருங்க. புகையான் ஒளிந்திருப்பது அங்கேதான். அப்பா மருந்துக் கடைக்குக் கிளம்பும் முன், என்ன பூச்சி, எத்தனை பூச்சி என்று நீங்க சொல்லிட்டா, மிச்சமாவது மருந்துக் காசு மட்டுமில்லை, அந்த ஒரு போகமும்தான்!