அப்பாவின் கூலிக் கணக்கு நோட்டு

கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் சுருள்பூச்சி, மடிவீக்கம், மானியம் என்றுதான் இருக்கும். சென்ற மாதம் வந்த ஒரு கடிதம் வேறு மாதிரி. “என் அப்பாவுக்கு 81 வயது. கொஞ்சம் கொஞ்சமாக நினைவு தப்புகிறது. அவருக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி வைக்க ஆசை. நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். எப்படி எழுதுவது? எழுதினால் யாருக்கு என்ன பயன்?” என்று கேட்டிருந்தார் ஒரு வாசகர்.

இதற்குப் பதில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் எழுத்தாளன் இல்லை. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில், கண்டாச்சிபுரம் பக்கம், இரண்டு காணி கொல்லை வைத்திருப்பவன். ஆனால், இந்தக் கேள்வியைப் பல வருடங்களாக எனக்குள் நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். காரணம், ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் தோற்ற கதை ஒன்று என்னிடம் இருக்கிறது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அடுத்த கோடையில் எங்கள் கிணறு தரை தட்டிவிட்டது. கடன் வாங்கி, கிணற்றுக்குத் தெற்கே போர் போட்டேன். 600 அடி போனது. வெறும் கல் மாவு. புகையாக வந்ததே தவிர, ஈரமாகக்கூட வரவில்லை. வண்டிக்காரர் குழாயைக் கழற்றும்போது அம்மா திண்ணையில் உட்கார்ந்து, “உங்கப்பா நோட்டுல கெணத்தப் பத்தி ஏதோ எழுதச் சொல்லுச்சே, பார்த்தியா?” என்றார்.

பார்க்கவில்லை. அப்படி ஒரு நோட்டு இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. டிரங்குப் பெட்டியில் பழைய பத்திரங்களுக்கு அடியில் கிடந்தது. 1986-ல் தொடங்கியது. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஏழாம் வகுப்பு படித்த அக்காவை உட்கார வைத்து, கூலிக் கணக்கு எழுத வாங்கிய நோட்டு அது. யார் எத்தனை நாள் வந்தார்கள், எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு பாக்கி. இடையிடையே, கணக்குக்குச் சம்பந்தமில்லாமல், அப்பா வாயில் வந்ததையெல்லாம் அக்கா எழுதியிருக்கிறாள். 1987-ல் கிணற்றில் தூர் எடுத்த கூலிக்குக் கீழே இரண்டு வரி: தெற்குச் சுவரில் முப்பது அடிக்குக் கீழ் முழுக் கருங்கல், ஊற்று வடகிழக்கு மூலையிலிருந்து மட்டும் வருகிறது.

அப்பா இறந்தது 2009-ல். எட்டு வருடம் அந்த இரண்டு வரியும் என் தலைக்கு மேலே பரணில் இருந்திருக்கின்றன. வடகிழக்கு மூலையில் போட்டிருந்தால் தண்ணீர் வந்திருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. எங்கள் பக்கம் பாறை பூமி, எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஆனால், தெற்கே போட்டிருக்க மாட்டேன். அதுமட்டும் நிச்சயம்.

இடைசெவல் விவசாயி

“எட்டாம் வகுப்புதான்” என்று தயங்கும் வாசகருக்கு முதலில் சொல்ல வேண்டிய பெயர் கி.ராஜநாராயணன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் கிராமம். கரிசல் விவசாயி. மழைக்குத்தான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினேன், அப்போதும் மழையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் என்று தன் படிப்பைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வார். அவருடைய முதல் கதை 1958-ல் ‘சரஸ்வதி’ பத்திரிகையில் வந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சம்சாரிகளும் ஆடு மேய்ப்பவர்களும் கிழவிகளும் எப்படிப் பேசினார்களோ அப்படியே எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. ஊர் ஊராகப் புழங்கிய சொற்களைத் திரட்டி, கரிசல் வட்டார வழக்குக்கு 1982-ல் ஓர் அகராதியே கொண்டுவந்தார். பட்டம் எதுவும் இல்லாத அவரை, 1989-ல் புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டுப்புறவியலுக்கு வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1991-ல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அதற்குப் பிறகு நம் பக்கத்து ஊர்க்காரராகவே புதுச்சேரியில் வாழ்ந்து, 2021 மே 17-ல் தன் 98-வது வயதில் மறைந்தார்.

அவர் அறுவடை செய்ததெல்லாம் ஊர்மந்தையிலும் களத்துமேட்டிலும் கிடந்த பேச்சு. ஊரே அதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தது. குறித்து வைத்தது அவர்தான்.

கரிசலுக்கு அவர் என்றால், நம் நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன். விருத்தாசலம் பக்கம் மணக்கொல்லைக்காரர். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பணிமனைத் தொழிலாளியாக வேலை பார்த்துக்கொண்டே ‘அஞ்சலை’ நாவலை எழுதினார். தனி ஆளாகச் சேர்த்த ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யை 2007-ல் வெளியிட்டார். பெரிய குழு வைத்துச் செய்ய வேண்டிய வேலையை, கையில் கிரீஸோடு ஒரு மனிதர் செய்து முடித்தார் என்பது எனக்கு இன்னும் ஆச்சர்யம்தான்.

சொல்லைச் சேர்ப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நாம் மல்லாட்டை என்கிறோம். வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். மணிலாக்கொட்டை என்பதுதான் நம் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. கடல் கடந்து வந்த பயிர் என்ற விவரம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் வேர்க்கடலை என்று சொல்லப் பழகிவிட்டால், அந்த விவரமும் போய்விடும்.

அதே மல்லாட்டையில் இன்னொரு விஷயம். டி.எம்.வி-2 ரகத்தை நம்மில் பலர் விதைத்திருப்போம். டி.எம்.வி. என்பது திண்டிவனம். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம், குடியாத்தம் பகுதியில் பயிரிடப்பட்டு வந்த கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து, 1940-ல் வெளியிட்ட ரகம் அது. விஞ்ஞானிகள் தங்கள் வேலையைச் சரியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் அந்தக் கொத்து ரகத்தை வருடா வருடம் பொறுக்கி, விதைக்கென்று எடுத்து வைத்த குடியாத்தத்துக் கைகள் யாருடையவை? ஊர்ப் பெயர் மட்டும் மிஞ்சியது.

நாய்க்கும் ஒரு கல்

சாதாரண ஆட்களை எழுதி வைக்கும் வழக்கம் நம் மண்ணுக்குப் புதிது இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, அதாவது 7-ம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த ஒரு வீரனுக்கு வைத்தது. கூடவே, இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். 1,400 வருடமாக ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. நம் கொள்ளுப்பாட்டியின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தக் காலத்தில் இதை வேறு விதமாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய ஊரக இந்திய மக்களின் ஆவணக் காப்பகத்தில், மண்பாண்டம் செய்பவர், பாசி எடுக்கும் பெண்கள், கரும்பு வெட்டுபவர்கள் என்று எளிய மக்களின் வேலையும் வாழ்க்கையும் படமும் எழுத்துமாகச் சேர்கின்றன. தமிழிலும் வருகிறது. அதன் சுருக்கப்பெயர் ‘பாரி’. கபிலர் தன் நண்பன் பாரி இறந்த பிறகு உயிர் விட்டதாகச் சொல்லப்படும் குன்று, நமக்குப் பக்கத்தில் திருக்கோவிலூரில் பெண்ணையாற்றுக்குள்தானே நிற்கிறது? அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வந்துவிடும்.

எப்படிக் கேட்பது?

இனி வாசகரின் முதல் கேள்விக்கு வருகிறேன். நான் தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதைத்தான் சொல்ல முடியும்.

“உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க” என்று உட்காராதீர்கள். “என்னத்தச் சொல்றது, கஷ்டப்பட்டோம்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஒரு பொருளை எடுத்துக் கையில் கொடுங்கள். பரணில் கிடக்கும் கவலை வாளி, மரக்கால், உடைந்த நுகத்தடி. கை பட்டதும் பேச்சு தானாக வரும். அதைவிட நல்லது, கொல்லைக்குக் கூட்டிப்போய் வரப்பில் நடப்பது. நினைவு தப்பும் பெரியவர்களுக்குக்கூட, நேற்று சாப்பிட்டது மறந்தாலும், எந்த மூலையில் களர், எந்த மரம் யார் வைத்தது என்பது கால் வைத்த இடத்தில் ஞாபகம் வருகிறது. எங்கள் அம்மாவிடம் அதைப் பார்த்தேன்.

வருடம் கேட்டால் சொல்லத் தெரியாது. “அக்கா பொறந்ததுக்கு முந்தியா, பிந்தியா?” என்று கேளுங்கள். பெண்களிடம் பேச அவர்கள் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருக்கும் நேரம்தான் சரி. நீங்களும் ஒரு முறம் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். சும்மா உட்கார்ந்து கேட்பவனிடம் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். செல்போனில் பதிவு செய்யலாம், சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆனால், அன்று ராத்திரியே நோட்டில் நாலு வரி எழுதிவிடுங்கள். போன் உடையும், மாறும். என் போனிலிருந்த அம்மாவின் குரல் அப்படித்தான் போனது. எழுதும்போது அவர்கள் பேச்சைத் திருத்தாதீர்கள். ‘வெத’ என்றால் ‘வெத’தான். தேதியும், சொன்னவர் பெயரும் மறக்காமல் போடுங்கள். அடுத்தவர் வீட்டு மானம், கடன் பற்றிய பேச்சு வந்தால், எழுதலாமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நம் வீட்டோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. சொந்தமாக ஒரு சென்ட் இல்லாமல், ஊரில் எல்லோர் கொல்லையிலும் வேலை செய்தவர்களுக்குத்தான் எல்லா மண்ணும் தெரியும். அப்பாவின் நோட்டில் கூலிக் கணக்குக்கு நடுவே, இரண்டு பெண்களின் பெயருக்குப் பக்கத்தில், இவர்கள் விதை போட்டால் முளைப்பு தப்பாது என்று இருந்தது. அதில் ஒருவர் இன்றும் இருக்கிறார். போய்க் கேட்டேன். ஏர்ச்சாலில் ஈரம் தெரியும் பக்கமாகப் பார்த்துப் போடுவேன் என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, “மத்தவங்க ஏரு போற வேகத்துக்கு நாங்க ஓடணும். உங்கப்பா மட்டும் எங்க நடைக்குத் தகுந்தாப்புல ஏரு ஓட்டுவாரு. அதான் மொளச்சுது” என்றார். முளைப்புத்திறனைப் பற்றி நான் எத்தனையோ பயிற்சி முகாம்களில் உட்கார்ந்திருக்கிறேன். இதை யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது கேள்வி, யாருக்கு என்ன பயன்? போர்வெல் கதையைச் சொல்லிவிட்டேன். ஆனால், அதே நோட்டில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒரு வரி. 1989, ஆடி மாதம். பக்கத்துக் கொல்லைக்காரரின் பெயர். விதை மல்லாட்டை ஒரு மூட்டை. அதற்குக் கீழே, அக்காவின் கையெழுத்தில், திருப்பிக் கேட்க வேண்டாம்.

எங்களுக்கும் அவர்களுக்கும் வரப்புத் தகராறு இருந்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருடக்கணக்காகிறது. அப்பா எதற்கு விதை கொடுத்தார்? அதையும் ஏன் திரும்ப வாங்கவில்லை? அக்காவைக் கேட்டேன். சொன்னார், எழுதினேன், அவ்வளவுதான் என்றாள். அம்மாவுக்கும் தெரியவில்லை.

ஒரு வருடம் யோசித்துவிட்டு, போன தை மாதம் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு எண்பது வயதிருக்கும். கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். “பெரியப்பா, இது என்னன்னு தெரியுமா?” என்று அந்தப் பக்கத்தைக் காட்டிப் படித்தேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அந்த ஆனியில் அவருடைய மூத்த பையன் காய்ச்சலில் இறந்துபோனான். வைத்தியத்துக்கு விதைக் காயையும் விற்றுவிட்டார். ஆடியில் மழை இறங்கி, ஊரே ஏர் பூட்டியது. அவர் மட்டும் கொல்லைப் பக்கமே போகாமல் வீட்டில் கிடந்தார். “ஒரு நா ராத்திரி, வண்டி சத்தம் கேட்டுது. உங்கப்பன்தான். எறக்கி வெச்சிட்டு, ‘நாளைக்கு ஈரம் காஞ்சிடும், காலையில வந்து ஓட்டு’ன்னுச்சி. வேற ஒண்ணும் பேசல. காலையில பார்த்தா, எனக்கு முன்னாடி என் கொல்லையில அது ஏரு பூட்டி நிக்குது.”

அதற்கப்புறமும் வரப்புத் தகராறு இருந்ததே என்றேன். “அது வேற, இது வேற தம்பி” என்றார்.

எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தலையசைத்தார். நான் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்ததும், கையை நீட்டித் தடுத்தார்.

“ஒரு மூட்டன்னா இருக்குது? இல்ல. ஒண்ணர மூட்ட. உங்கப்பன் கொறச்சி எழுதச் சொல்லியிருக்குது. திருத்தி எழுது.”