இலையில்லாமல் பூக்கும் நஞ்சு

ஆல்ப்ஸ் மலைப் புல்வெளிகளில் கோடை முடியும்போது, மற்ற பூக்கள் வாடிய பிறகு, இளம் ஊதா நிறத்தில் ஒரு பூ மண்ணிலிருந்து நேரே எழும். ஓர் இலைகூட இருக்காது. பெயர் கோல்ச்சிகம். அதன் சூற்பை மண்ணுக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கும். இலையும் காயும் அடுத்த வசந்தத்தில்தான் தலைகாட்டும்.

ஆபத்தும் அப்போதுதான். பூ இல்லாத அந்த இலைகளைச் சமையலுக்கு உதவும் காட்டுப் பூண்டு இலை என்று நினைத்துச் சாப்பிட்டு ஐரோப்பாவில் இறந்தவர்கள் உண்டு. கசக்கினால் பூண்டு வாசம் வராது. ஆனால், ஏற்கெனவே பூண்டு இலை பறித்த கையில் எதைக் கசக்கினாலும் பூண்டு வாசம்தான்!

இதன் நஞ்சான கோல்ச்சிசினை நான் முதலில் பார்த்தது பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில். வெங்காய வேர்நுனியில் உயிரணுப் பிரிவை அது பாதியில் நிறுத்தியது. இரட்டித்த குரோமோசோம்கள் பிரிய வழியின்றி ஒரே உயிரணுவில் தங்கிவிட்டன. நாம் சந்தையில் வாங்கும் விதையில்லாத் தர்பூசணிக்கும் இதுவே வழி: 22 குரோமோசோம் செடியை 44 ஆக்கி, மீண்டும் 22 உடன் கலந்தால் கிடைப்பது 33. ஒற்றைப்படை என்பதால் விதை சரியாக உருவாகாது. மிகச் சிறிய அளவில் இதே நஞ்சு கௌட் மூட்டுவலிக்கு மருந்து.

நம் செங்காந்தளும் இதே குடும்பம், இதே நஞ்சு. தமிழ்நாட்டில் அதை விதைக்காகவே பயிரிடுகிறார்கள்.