உங்களுக்குத் தெரியுமா? காபி கொண்டுவருபவரும் கடைக்குச் சொந்தக்காரர்தான்!

‘நாம சொன்னா யாரு கேட்கப்போறாங்க?’ வேலை பார்க்கும் இடத்தில் இப்படி ஒருமுறையாவது முணுமுணுக்காதவர் உண்டா? சொன்னால் கேட்டே ஆகவேண்டும் என்ற ஏற்பாட்டோடு நடக்கும் தொழில்களும் நம் நாட்டில் இருக்கின்றன. அங்கே தொழிலாளிதான் பங்குதாரர், ஓட்டுப் போடுபவரும் அவர்தான். தலைநகர் டெல்லியில் தொடங்கி ஒரு சுற்று போய் வருவோம்.

வேலை போனது, கடை வந்தது

காபி குடிக்கும் பழக்கத்தைப் பரப்ப 1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் ‘இந்தியா காபி ஹவுஸ்’ திறக்கப்பட்டது. 1940-களில் நாடெங்கும் ஏறத்தாழ 50 கடைகள். 1950-களின் நடுவில், அவற்றை நடத்திவந்த காபி போர்டு மூட முடிவெடுத்தது. சமையல்காரர்களும் பரிமாறுபவர்களும் தெருவுக்கு வந்தார்கள். ‘கடையை நீங்களே எடுத்து நடத்துங்கள்’ என்று அவர்களைத் திரட்டியவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். 1957 ஆகஸ்ட் 19-ல் பெங்களூரில் முதல் காபித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 27-ல் தொழிலாளர்களின் முதல் காபி ஹவுஸ் திறந்த ஊர், டெல்லி!

ஒரே ஒரு ‘ன்’

காபி போர்டு நடத்தியபோது பெயர் ‘இந்தியா காபி ஹவுஸ்’. தொழிலாளர்கள் எடுத்த பிறகு ‘இந்தியன் காபி ஹவுஸ்’. நாட்டின் பெயரில் இருந்த கடை, நாட்டு மக்களின் பெயருக்கு வந்துவிட்டது. இன்று 13 சங்கங்கள், ஏறத்தாழ 400 கடைகள். புதுச்சேரி நேரு வீதியில் இருப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். யான் மார்ட்டெல் எழுதிய ‘லைஃப் ஆஃப் பை’ நாவலின் முன்னுரையில் வருவது அந்தக் கடையே.

மாடியேறினால் காபி

டெல்லியில் பாபா கரக் சிங் சாலையில் இருக்கிறது மோகன் சிங் பிளேஸ். கீழே ஜீன்ஸ் தைத்துக் கொடுக்கும் கடைகள், ஓயாத தையல் மிஷின் சத்தம். படியேறி மேலே போனால் காபி ஹவுஸும் திறந்த மொட்டை மாடியும். வெள்ளைச் சீருடை, இடுப்பில் அகலப் பட்டை, தலையில் விசிறி மடிப்பு வைத்த தலைப்பாகை என்று பரிமாறுபவர் வருகிறார். கட்லெட்டோ தோசையோ, கூடவே காபி. ஒரு கோப்பையோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். கொஞ்சம் அசந்தால் தட்டில் இருப்பதைக் குரங்கு தூக்கிப் போய்விடும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்! இந்தி எழுத்தாளர் விஷ்ணு பிரபாகர் நெடுங்காலம் வந்துபோன இடம் இது. அந்தத் தலைப்பாகைக்காரரை அடுத்தமுறை பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கடைக்கு முதலாளி என்று தனியாக ஒருவர் கிடையாது.

காசுக்கு அல்ல, ஆளுக்கு ஓட்டு

கம்பெனியில் 100 பங்கு வைத்திருப்பவருக்கு 100 ஓட்டு. கூட்டுறவுச் சங்கத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 28 பேர் சேர்ந்து கடை திறந்தபோது கைக்கொண்ட வழக்கம் இது. 1904-ல் சென்னையில் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் இந்த மரபில் வந்ததுதான். தொழிலாளர் கூட்டுறவில் இன்னொரு சிறப்பு உண்டு. உழைப்பவரே உறுப்பினர் என்பதால், சம்பளம் வாங்கும் அதே கை நிர்வாகக் குழுவுக்கும் ஓட்டுப் போடுகிறது.

1976: மூன்று செய்திகள்

ஒன்று: நெருக்கடி நிலை காலத்தில், கன்னாட் பிளேஸில் இருந்த பழைய காபி ஹவுஸ் இடிக்கப்பட்டது. அரசியல்வாதிகளும் எழுத்தாளர்களும் தொழிற்சங்கத்தாரும் கூடிப் பேசிய இடம் அது. இன்று அங்கே இருப்பது பாலிகா பஜார். காபி ஹவுஸ் பிறகு மோகன் சிங் பிளேஸுக்கு வந்தது.

இரண்டு: அதே ஆண்டில்தான் 42-வது திருத்தம் அரசியல் சட்டத்தில் 43-ஏ பிரிவைச் சேர்த்தது. தொழிற்சாலை நிர்வாகத்தில் தொழிலாளர் பங்குபெற அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

மூன்று: அதே ஆண்டில் அன்றைய மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளில் மேற்பார்வைக் குழுவின் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு. சரிசமமாக ஓட்டு விழுந்தால் தலைவருக்கு ஒரு கூடுதல் ஓட்டு. அவர் பெரும்பாலும் பங்குதாரர் தரப்பு ஆள். ஆனாலும் பாதி என்பது பாதிதான். அங்கே அது கட்டாயச் சட்டம், இங்கே வழிகாட்டும் நெறி. வித்தியாசம் இவ்வளவுதான். இந்த வித்தியாசத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

வந்தும் வராத சட்டம்

43-ஏ பிரிவுக்கு உயிர் கொடுக்க 1990-ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது. தொழிலாளர் பிரதிநிதியை நிர்வாகக் குழுவிலேயே உட்காரவைக்கும் யோசனை. கடைசிவரை அது சட்டமாகவில்லை.

20 பேர் இருந்தாலே போதும்

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பைக் கவனியுங்கள். 20 தொழிலாளர்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க்கும் குழு கட்டாயம். நிர்வாகத்தின் ஆட்களும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். பெண்களுக்கும் உரிய இடம் தர வேண்டும். உங்கள் இடத்தில் அந்தக் குழு இருக்கிறதா? அதில் யார் யார் இருக்கிறார்கள்? கேட்டுப் பாருங்கள். குறையைச் சொல்வதும் முடிவெடுப்பதும் ஒன்றல்ல. ஆனால் சொல்ல ஓர் இடம் இருந்தால்தான் அடுத்த படி ஏற முடியும்.

சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை

97-வது திருத்தம் 2012-ல் நடைமுறைக்கு வந்தபோது, அடிப்படை உரிமைகளைச் சொல்லும் 19-வது பிரிவில் ‘கூட்டுறவுச் சங்கங்கள்’ என்ற சொல்லும் ஏறியது. பேச்சுரிமை இருக்கும் அதே பிரிவில், கூடி ஒரு கூட்டுறவு தொடங்கும் உரிமையும் இருக்கிறது!

பத்திரிகை வாசித்தால் பீடி கிடைக்கும்

பீடித் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் 1966-ல் வந்தது. அதை ஏற்க மனமில்லாத பெரிய பீடி முதலாளிகள் கண்ணூரில் கடையைக் கட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 1969-ல் அவர்களே சேர்ந்து தொடங்கியது ‘கேரள தினேஷ் பீடி’. கண்ணூர்ப் பீடிக்கூடங்களில் அழகான வழக்கம் ஒன்று இருந்தது. ஒருவர் சத்தமாகப் பத்திரிகை வாசிப்பார், மற்றவர்கள் கேட்டபடியே சுற்றுவார்கள். வாசிப்பவருக்குக் கூலி குறையக்கூடாதல்லவா? அவர் சுற்ற வேண்டிய பீடியை ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி அவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஊர் உலகம் அறிந்தவருக்குத்தானே கூட்டத்தில் எழுந்து பேசத் தைரியம் வரும்! பீடிக்கு மவுசு குறைந்த பிறகும் அவர்கள் கலைந்துபோகவில்லை. மசாலாப் பொடி, தேங்காய்ப் பால், குடை, ஆயத்த ஆடை என்று தொழிலை மாற்றிக்கொண்டார்கள்.

நூறாண்டு கண்ட கூலிக்காரர் சங்கம்

சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் வழிகாட்டலில் 1925-ல் கேரளத்தின் வடகரை அருகே தொடங்கியது ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். ஆதிக்கக்காரர்கள் வேலை தர மறுத்ததால், வேலையைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டவர்களின் சங்கம். இன்று சாலையும் பாலமும் கட்டுகிறது. கோழிக்கோட்டில் சைபர் பார்க்கே நடத்துகிறது.

மண்பானையில் ஒரு தொழிற்சாலை

மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி. அங்கே வரிசையாக மண்பானைகள், ஒவ்வொன்றின் வாயிலும் துணிக்கட்டு. உள்ளே இருப்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இருளர் ஒருவர் கட்டை அவிழ்க்கிறார், பாம்பை வெளியே எடுத்துத் தலையைப் பதமாகப் பிடிக்கிறார். குடுவை வாயில் கட்டிய சவ்வை அது கடிக்க, விஷம் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. சில வாரங்களில் பாம்பு மறுபடியும் காட்டுக்குப் போய்விடும். அதே பாம்பைத் திரும்பப் பிடிக்காமல் இருக்க வயிற்றுச் செதிலில் அடையாளம் வைப்பார்கள்.

பாம்புத்தோல் வணிகம் தடையாகிப் பிழைப்புப் போன நேரத்தில், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் 1978-ல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இது. பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இவர்கள் கையால் வருகிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. படிப்பறிவு இல்லை என்று ஒதுக்கப்பட்டவர்களின் அறிவே மூலதனமாக நிற்கும் சங்கம்!

ஊசி பிடித்த கைக்கும் பங்கு

டெல்லி சுந்தர் நகரி போன்ற பகுதிகளில் வீட்டிலிருந்தே எம்பிராய்டரி செய்யும் பெண்கள் ஏராளம். இடைத்தரகர் வைத்ததுதான் கூலி என்றிருந்தது. பெண் தொழிலாளர் அமைப்பான சேவாவின் துணையோடு அவர்கள் தொடங்கியது ‘சேவா ருவாப்’ என்ற உற்பத்தியாளர் நிறுவனம். பங்குதாரர்கள் அந்தப் பெண்களே, இயக்குநர் குழுவிலும் அவர்கள் உண்டு. ருவாப் என்றால் மிடுக்கு. பெயரிலேயே நிமிர்வு தெரிகிறது அல்லவா?

டாக்ஸியும் கூட்டுறவில்

2025 ஜூனில் பதிவான கூட்டுறவு ஒன்று, ‘பாரத் டாக்ஸி’ என்ற பெயரில் அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லியில் வெள்ளோட்டம் விட்டது. ஒவ்வொரு சவாரியிலும் கமிஷன் பிடிப்பதில்லை, ஓட்டுநர் பங்கு வாங்கி உறுப்பினராகலாம் என்பதே அதன் வாக்குறுதி. அமுல், இஃப்கோ போன்ற பெரிய கூட்டுறவுகள் பின்னால் நிற்கின்றன. நாளைக்கு முடிவெடுக்கும் மேஜையில் ஓட்டுநரின் குரல் எவ்வளவு ஒலிக்கிறது என்பதில்தான் அதன் வெற்றி இருக்கிறது.

ஒன்று விழுந்தால் மற்றவை தாங்கும்

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956-ல் முளைத்தது மோன்ட்ராகன். இன்று சுமார் 70,000 பேர் வேலை செய்யும் கூட்டுறவுக் குடும்பம். மேலதிகாரி சம்பளத்துக்கும் கடைநிலைச் சம்பளத்துக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. 2013-ல் அதன் வீட்டுச் சாதனப் பிரிவான ஃபாகோர் நொடித்துப்போனது. வேலை இழந்த உறுப்பினர்கள் பலருக்கு மற்றக் கூட்டுறவுகள் இடம் கொடுத்தன. கூட்டுறவு என்பதால் நஷ்டம் வராமல் போகாது. வரும்போது தோள் கொடுக்க ஆள் இருக்கும்.

உங்கள் கையிலும் ஓர் ஓட்டு

பள்ளி, மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், ஆலை என்று எத்தனையோ இடங்களில் ‘பணியாளர் கூட்டுறவு சிக்கன மற்றும் கடன் சங்கம்’ இருக்கிறது. நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ அதில் உறுப்பினராக இருக்கலாம். பேரவைக் கூட்ட அறிவிப்பு வரும், பல வீடுகளில் அது அலமாரிக்குள் போய்விடும். இந்த முறை அதை எடுத்துப் படியுங்கள். கூட்டத்துக்குப் போங்கள், வரவு செலவைக் கேளுங்கள், புரியாவிட்டால் எழுந்து நின்று கேளுங்கள். 1957-ல் வேலை இழந்து நின்ற காபிக் கடைத் தொழிலாளர்கள் போராடிப் பெற்ற அதே ஓர் ஓட்டு, உங்கள் பெயரிலும் அந்த உறுப்பினர் பதிவேட்டில் இருக்கிறது.