ஆங்கிலம் பேச வைக்கும் மலை ரெயில்!

ஒன்பதாம் வகுப்பு. ஆங்கிலப் பாட வேளை. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார்.

முன் வரிசையில் இரண்டு கைகள் உயருகின்றன. பின் வரிசையில் எல்லோரும் தலையைக் குனிந்து கொள்கிறார்கள்.

பின் வரிசைப் பிள்ளைக்குப் பதில் தெரியாமல் இல்லை. "தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே!" என்ற பயம். வீட்டிலே அவன் பேசுவது தமிழ் அல்லது படுகு. அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். வகுப்பை விட்டால் ஆங்கிலம் பேச அவனுக்கு வேறு இடம் ஏது? நாளை வேலைக்குப் போகும் இடத்தில் நாலு வார்த்தை பேச வேண்டுமே!

இந்தப் பயத்தை விளையாட்டால் போக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு திட்டம் வேண்டும்.

5 ஆண்டு சோதனை

1979-ம் ஆண்டு முதல் 1984-ம் ஆண்டு வரை பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. நடத்தியவர் என்.எஸ்.பிரபு என்ற கல்வி நிபுணர்.

இலக்கணத்தை உருப்போடச் சொல்லவில்லை. வரைபடத்தையும், ரெயில் கால அட்டவணையையும் கொடுத்து, "விடையைக் கண்டுபிடி" என்றார்கள். விடை தேடும் ஆர்வத்தில் மொழி தானாகப் படியும் என்பது அவருடைய கருத்து.

அவர் வகுத்த பயிற்சிகளில் ஒன்று இது: ஒருவனிடம் உள்ள செய்தி மற்றவனிடம் இருக்காது. கேட்டுத்தான் தெரிந்து கொள்ள வேண்டும்.

நம்ம ஊர் ரெயில்

நீலகிரி ஆசிரியருக்கு இதற்கான பொருள் கையருகிலேயே இருக்கிறது. 1899-ல் குன்னூர் வரை வந்து, 1908-ல் ஊட்டியை எட்டிய மலை ரெயில்தான் அது!

குன்னூர், வெல்லிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி. மொத்தம் 6 நிலையங்கள். இரண்டு அட்டைகள் எழுதுங்கள். ஓர் அட்டையில் 3 நிலையங்களுக்கு ரெயில் வரும் நேரம். மறு அட்டையில் மற்ற மூன்றுக்கு. இருவர் இருவராக உட்கார வையுங்கள். அட்டையைக் காட்டக் கூடாது. ஆங்கிலத்தில் கேட்டு, 6 நேரங்களையும் நிரப்ப வேண்டும்.

ஆசிரியர் கவனிக்க

கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கரும்பலகையில் எழுதி, எல்லோரையும் சொல்ல வையுங்கள்.

"யார் முதலில்?" என்று போட்டி வைக்காதீர்கள். வைத்தால் அந்த இரண்டு கைகள்தான் மறுபடியும் உயரும்.

ஆட்டத்தின் நடுவே பிழை திருத்த வேண்டாம். முடிந்த பிறகு, யார் செய்தது என்று சொல்லாமல், பிழையை மட்டும் விளக்குங்கள். 15 நிமிடம் ஆட்டம். கடைசி 5 நிமிடம் நோட்டில் எழுதட்டும்.

இனி பின் வரிசைப் பையன் தலை குனிய முடியாது. கேத்திக்கு ரெயில் வரும் நேரம் அவன் அட்டையில்தானே இருக்கிறது! தோழன் கேட்டுக் காத்திருக்கிறான். அவன் வாய் திறந்தால்தான் ரெயில் ஊட்டி போய்ச் சேரும்!